இதைப் படிக்கிறவன் கழுதை

எங்கள் ஊரில் எனக்குப் பெயர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பள்ளி இறுதித் தேர்வில் தேறிய அன்றோடு அது போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் நான் 'எஸ்ஸெல்சி'. 'எஸ்ஸெல்சி, கெணத்து மோட்டாரு ஓடுதான்னு பாரு', 'எஸ்ஸெல்சி ஊட்டுல மோர் இருக்குதான்னு கேளு' என்று கிழவி முதல் குஞ்சு குளுவான் வரை அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். மடத்துக்குளத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் எனக்கு முன்னால் அந்தப் படிப்பை யாரும் தொட்டதில்லை.

பெயரை மாற்றி வைத்தவர் என் அப்பாதான். அவர் கைநாட்டு. கொஞ்சம் காட்டு விவசாயம், வாரம் ஒருநாள் மாட்டுச் சந்தையில் தரகு. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போது அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது. கொள்ளை லாபமோ பெரிய நஷ்டமோ, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் என் தேர்வு முடிவு வந்த வாரம் சந்தை முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாராம். என்னைப் படிக்க வைக்க உழவுக் காளைகள் இரண்டையும் விற்றிருந்தார். பல்லைக் காட்ட அவருக்கு உரிமை இருந்தது.

அறுபதுகள் முடிகிற சமயம். படித்த பிள்ளை ஏர் பிடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பிடிக்க மாடும் இல்லை. எனக்கு ஒரே தங்கை. அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் உடுமலைப்பேட்டைக்குத்தான் போகவேண்டும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் நான் சம்பாதித்தால்தான் உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'அண்ணன் வேலைக்குப் போனதும் நான் ஒம்பதாவது, அப்புறம் டீச்சர்' என்று அவள் ஆட்டுக்குட்டிகளிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். திருப்பூருக்கு நான் பஸ் ஏறியது அந்தக் கணக்கோடுதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொரு சந்திலும் முளைத்துக்கொண்டிருந்தன. ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று ஊரே கத்தியது. நான் துவைத்த சட்டையும் வழித்து வாரிய தலையுமாக ஒவ்வொரு வாசலாக ஏறினேன். 'எவ்வளவு படிச்சிருக்கறே?' என்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி 'எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க' என்பேன். அந்த ஒரு சொல்லில் எதிரே இருப்பவர் முகம் கதவு சாத்துகிற மாதிரி சாத்திக்கொள்ளும். ஒரு முதலாளி மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"ஆபீசுல எங்க மச்சாண்டார் பையன் இருக்கறான். மெசினுக்குப் படிச்சவன் ஆகாது சாமி. போன வருசம் பக்கத்துக் கம்பெனியில ஒருத்தன் நியூஸ் பேப்பர்ல கூலி ஒசத்தற சேதியைச் சத்தம் போட்டுப் படிச்சான். மக்யா நாளு அத்தனை மெசினும் நின்னுபோச்சு. நீங்க நல்ல பையனாத்தான் தெரியறீங்க. ஊருக்குப் போங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். கொங்கு நாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். என் படிப்பு இரண்டும்கெட்டான் படிப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. நாற்காலிக்கு உறவு வேண்டும், மெசினுக்கு அறியாமை வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

தங்கியிருந்த அறையில் ஒரு டெய்லர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஒரு வகுப்பு கூடுதலாக, பி.யூ.சி. வரை படித்தவர். ஒரு கம்பெனியில் பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் வெயிலில் அலைந்து கறுத்து வந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னலே, சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கிட்டு அலையுத? பொட்டிக்கு அடியில போட்டு மூடுல. மூணாங்கிளாஸுன்னு சொல்லு. நான் அஞ்சாவதுன்னு சொல்லித்தான் உள்ள போனேன். எழுத்தைக் கண்டா சுவத்தைப் பாக்குத மாதிரி பாக்கணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் அவர் கம்பெனிக்கே போய் 'மூணாவதுங்க' என்றேன். கதவு திறந்துகொண்டது. துணி பின்னுகிற மெசினுக்கு ஆளாக எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் மேஸ்திரி. நெற்றி நிறைய விபூதி, ஒல்லியான உடம்பு, எல்லோரையும் கண்ணு கண்ணு என்று இனிக்க இனிக்கப் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். முதல் சம்பளத்துக்குக் கட்டை விரலை மையில் தேய்த்துப் பதித்தேன். பதித்துவிட்டு விரலைத் துடைக்கத் துணி தேடினேன்.

"பழகுன கைநாட்டு தலைமயித்துல தொடச்சுக்குமே கண்ணு" என்றார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவசரமாக விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டேன்.

ஊரில் கம்பெனி வேலை என்று மட்டும் சொன்னேன். 'ஆபீசுதானே?' என்றார் அப்பா. தலை தானாக ஆடிவிட்டது. ஆக, ஊரில் நான் பேனா பிடிப்பவன், திருப்பூரில் எழுத்தே தெரியாதவன். தங்கை ஒன்பதாவது சேர்ந்தாள். முதல் பரீட்சையிலேயே வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

தெரிந்ததைத் தெரியாத மாதிரி இருப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். பஸ் நெற்றியில் 'உடுமலை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். நான் பக்கத்தில் நிற்பவரிடம் 'இது எங்கீங்க போகுது?' என்று கேட்கவேண்டும். போண்டா கட்டி வந்த தாளில் பாதிச் செய்தி இருக்கும். அதில் கண் ஒட்டாமல் எண்ணெயோடு கசக்கிப் போடவேண்டும். கையை வேண்டாம் என்றால் கை நிற்கும். கண் நிற்காது. எழுத்து எதிரே வந்தால் அது பாட்டுக்குப் படித்துவிடும், பிறகுதான் நமக்கே தெரியும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், எங்கள் ஊர்க்காரன் எவனாவது நடுத்தெருவில் 'ஏனுங்க எஸ்ஸெல்சி!' என்று கூப்பிட்டுவிடுவானோ என்பது. மடத்துக்குளம் பஸ் வருகிற நேரத்தில் ஸ்டாண்டுப் பக்கமே போகமாட்டேன்.

ஒருநாள் காலையில் உள்ளே நுழைந்தால், தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: இதைப் படிக்கிறவன் கழுதை.

பள்ளிக்கூடத்துச் சுவரில் பார்த்துப் பழகிய குறும்புதான். ஆனால் பானைக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். சுவரை அவர் பார்க்கவே இல்லை. தண்ணீர் குடிக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொம்பை எடுத்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டு குடித்தேன். என் பின்னால் வந்தவர் டெய்லர். எனக்கு உபதேசம் செய்த அதே மனிதர். அவருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக வந்துவிட்டது.

"மெதுவாக் குடி கண்ணு" என்று மேஸ்திரி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த வாரம் சம்பளத்தோடு டெய்லரை நிறுத்திவிட்டார்கள். தையல் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் தையலைப் போல அந்தக் கம்பெனியில் வேறு யார் தையலும் இருந்ததில்லை. அடுத்த தெருவில் கேட்டுப் பார்த்தார். அதற்கடுத்த தெருவிலும் கேட்டார். அவர் போவதற்கு முன்னால் சேதி போயிருந்தது. 'நீங்க படிச்சவராமே' என்று எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்களாம். கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறினார். ஏறும்போது, "சுவத்தைச் சுவரா பாருன்னு உனக்குச் சொல்லிட்டு நான் கழுதையாயிட்டேனேல" என்றார். நான் சிரித்தேன். அறைக்கு வந்து தனியாகப் படுத்தபோது அழுகைதான் வந்தது. சாக்கட்டி எழுத்தை மேஸ்திரி அழிக்கவில்லை. நான் தினமும் அதற்குக் கீழே நின்று தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு நானும் ஒரு தப்பு செய்தேன். தப்பு என்று எப்படிச் சொல்வது, வேறு வழியில்லை. மில்லிலிருந்து வருகிற நூல் கோன்களின் உள்ளே காகிதக் குழல் இருக்கும். படிக்காதவர்கள் அந்தக் குழலின் நிறத்தைப் பார்த்துத்தான் எந்த நம்பர் நூல் என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு பெட்டியில் குழலின் நிறம் ஒரு நம்பரைச் சொன்னது, ஒட்டியிருந்த சீட்டில் நம்பர் வேறாக இருந்தது. மாட்டி ஓட்டினால் துணி முழுக்கப் பட்டை பட்டையாக விழும். பழி மெசின்காரன் தலையில், அன்றோடு வேலை போகும். பார்த்தும் ஓட்ட மனம் வரவில்லை. மெசினை நிறுத்திவிட்டு, விரலால் நூலை உருட்டிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்து, "நூலு மெலிசாத் தெரியுதுங்க" என்றேன்.

மேஸ்திரி சீட்டைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"கையிலயே கண்டுபுடிச்சுட்டயா கண்ணு? பலே கெட்டிக்காரனப்பா நீ" என்றார். போனவர் திரும்பி வந்தார். "உனக்கு மடத்துக்குளம் பக்கம்ல? எங்க சம்சாரத்துக்கும் அந்தப் பக்கந்தான். ஆயுத பூசைக்கு உங்கொப்பனை வரச் சொல்லு. இப்படி ஒரு கெட்டிக்காரனைப் பெத்தவரை நான் ஒருக்காப் பாக்கோணும்."

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவா முடியும்? உடம்பு சரியில்லை, காட்டில் வேலை என்று நூறு சாக்கு தயார் செய்து வைத்திருந்தேன். தங்கை, அரைப் பரீட்சை வருகிறது, புது நோட்டு வேண்டும் என்று ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வாங்கி அனுப்பினேன். அதை வாங்கும்போதுகூடக் கடைக்காரர் எதிரில் அட்டையை வாசிக்காமல், 'கோடு போட்டதுங்க' என்று தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். பழக்கம் அந்த அளவுக்கு முற்றிவிட்டது.

ஆயுத பூசை அன்றைக்கு ஊரெல்லாம் புத்தகத்தை அடுக்கிச் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். அன்றைக்குப் படிக்கக் கூடாது. உலகமே என்னைப் போல இருக்கிற ஒரே நாள். மெசினையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். வேலைக்காரர்களின் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. நான் என் மெசினுக்குப் பக்கத்தில், கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பும் தலையெல்லாம் பஞ்சுமாக நின்றிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் வாசலில் அப்பா.

நான் சொல்லாமல் போனால் என்ன, மேஸ்திரி மாமனார் வீட்டு வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா வெளுத்த வேட்டியும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு பேனா. நான் தேறியபோது எனக்கென்று வாங்கி வைத்த பேனா. மகனின் ஆபீசில் சாமிக்கு வைத்து எடுத்துக் கொடுக்கலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். மேஸ்திரி அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே என்னை நோக்கி வந்தார்கள். மெசின்கள் நின்றிருந்தும் எனக்கு அவர்கள் பேசுவது கேட்கவில்லை. அப்பாவின் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிடமும் அந்த வாயிலிருந்து 'எஸ்ஸெல்சி' விழப்போகிறது என்று நினைத்தேன்.

பக்கத்தில் வந்தபோது மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார், தலையில் இருந்த பஞ்சைப் பார்த்தார், சந்தனம் பூசிய மெசினைப் பார்த்தார். ஆபீஸ் எங்கே என்று அவர் கண் தேடியது எனக்குத் தெரிந்தது.

"உங்க பையன் வெகு சூட்டிகைங்க" என்றார் மேஸ்திரி. "ஆனா மூணாவதோட நின்னுட்டேன்னு சொல்றானுங்க. நெசமாவே மூணாவதுதானுங்களா?"

"மூணாவதா? ஆருங்க சொன்னா?" என்றார் அப்பா.

அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தேன். தங்கையின் முகம்தான் முன்னால் வந்தது. மேஸ்திரியின் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டது. அப்பா இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். துண்டுக்குள் கை போனதும் வருகிற முகம்.

"மழைக்குக்கூடப் பள்ளிக்கோடத்துப் பக்கம் ஒதுங்காத பயலுங்க அவன். மூணாவதுங்கறதே உங்ககிட்ட பவுசுக்குச் சொல்லியிருக்கறானுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி வீட்டுப் பெண்கள்கூடச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேனா எதுக்குங்க?"

"சந்தையில நாலு பேரு மதிக்கோணுமுல்லீங்க" என்றார் அப்பா. "மை கூட இல்லீங்க அதுல." அப்போதுதான் மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். பொரி கடலைப் பொட்டலத்தை அப்பாவின் கையில் வைத்து, "உங்க மாதிரி ஆளுங்கதான் கம்பெனிக்கு வேணும்" என்றார். என் வேலை தப்பியது. தப்பியதற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். மடத்துக்குளம் பஸ் நின்றிருந்தது. வழக்கம்போல் அவர் பஸ்ஸைக் காட்டி 'என்ன எழுதியிருக்குது பாரு' என்று என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை. கண்டக்டரைக் கேட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"இதுக்கு மூணாவதே போதும்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு காளையாச்சும் மிஞ்சியிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் ஏமாந்துவிட்டு வருகிற நாளில் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். பேனா அவர் பையிலேயே போய்விட்டது.

மறுநாள் விஜயதசமி. சாமி முன்னால் வைத்த புத்தகத்தை எடுத்துப் படிக்கிற நாள். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தங்கை புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டியபோது, 'அங்கயே இருக்கட்டும்' என்று அப்பா சொல்லிவிட்டார். இது எனக்குத் தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது. நான் வாங்கி அனுப்பிய நோட்டு, குங்குமம் வைத்தபடி, கோடு போட்ட தாள் வெள்ளையாக, சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது. நான் சண்டை போட்டேன். கத்தினேன். "ஆம்பளப் பையன் நீயே படிப்பை ஒளிச்சு வெச்சுப் பொழைக்கறே. அவ எங்க கண்ணு கொண்டுபோயி ஒளிச்சு வெப்பா?" என்று அப்பா கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. வரை எனக்குச் சொல்லிக்கொடுத்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னை ஒருநாளும் எஸ்ஸெல்சி என்று கூப்பிடவில்லை.

மேஸ்திரிக்கு எப்படியோ சேதி எட்டியது. "உன் தங்கச்சி சும்மாதான் ஊட்டுல இருக்குதாமே. பனியன்ல நூல் பிசிறு வெட்டப் பொண்ணுங்க வேணும், கூட்டிட்டு வா கண்ணு. உங்க குடும்பத்தைத்தான் எனக்குத் தெரியுமே" என்றார். தை பிறந்ததும் அவளைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து, தூரத்து உறவில் பெரியம்மா முறையான ஒருவர் வீட்டில் விட்டேன். பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் கடை போர்டு, சினிமா தட்டி, மைல்கல் என்று ஒன்று விடாமல் ஜன்னலில் முகத்தை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். நான் தடுக்கவில்லை. பஸ்ஸுக்குள்ளேயாவது படித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த காலையில் கம்பெனிக்குள் நுழைந்தோம். புது ஆட்கள் வருகிறார்கள் என்று சுவரில் சாக்கட்டி எழுத்தைப் புதிதாக, இன்னும் பெரிதாக எழுதியிருந்தார்கள். மேஸ்திரி பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தங்கையின் கண் சுவருக்குப் போனது. உதடு பிரிந்தது. கன்னத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

நான் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவள் தோளைப் பிடித்து, மெதுவாக, இனிக்க இனிக்க, "படிக்காத கண்ணு" என்றேன்.

"சரிங்ணா" என்றாள்.